ஜிசிசி கம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டுதல்: பில்டு பிழைகளைக் கண்டுபிடித்துத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

சி, சி++ போன்ற மொழிகளுக்கான கம்பைலரான ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டும்போது பில்டு (கட்டும் வேலை) நின்றுபோனால், பலர் முதலில் செய்வது திரையின் கடைசி வரியை நகலெடுத்துத் தேடுபொறியில் போடுவதுதான். அந்த வரி பெரும்பாலும் "மேக்: *** [ஆல்] எரர் 2" என்ற வகையில் இருக்கும். அதில் காரணம் எதுவும் இல்லை. உள்ளே எங்கோ ஒரு கட்டளை தோற்றுவிட்டது, அதனால் நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்று மேக் (கட்டும் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கருவி) அறிவிப்பதோடு சரி. உண்மையான பிழை அதற்கு இருபது வரிக்கு மேலே இருக்கலாம், இரண்டாயிரம் வரிக்கு மேலேயும் இருக்கலாம். திரையிலேயே வராமல் வேறொரு கோப்புக்குள் ஒளிந்திருக்கவும் கூடும்.

அந்த முதல் பிழையைத் தேடிப் பிடிக்கும் முறையையும், அடிக்கடி வரும் பிழைகளின் காரணங்களையும் தீர்வுகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்தப் பிழையானாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்த நொடியில் எந்தக் கம்பைலர் எதைக் கட்டிக்கொண்டிருந்தது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விளங்கிவிடும்.

லினக்ஸ் இயங்கும் 64-பிட் கணினியையும், 2024 ஆகஸ்டில் வெளியான ஜிசிசி 14.2 பதிப்பையும் உதாரணமாகக் கொள்கிறேன். கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பிழைச் செய்திகள் ஆகியவற்றை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

முதலில், கட்டத்தான் வேண்டுமா?

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் களஞ்சியங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிசிசி பதிப்புகள் தயாராகக் கிடைக்கின்றன. நிர்வாகி உரிமை இருந்து, வேண்டிய பதிப்பும் அங்கே இருந்தால் அதையே நிறுவுங்கள். கல்லூரி அல்லது ஆய்வகச் சர்வரில் நிர்வாகி உரிமை இல்லை, பழைய இயங்குதளத்தை மாற்ற முடியாது, இன்னும் களஞ்சியத்துக்கு வராத பதிப்பு வேண்டும், அல்லது ஜிசிசியின் நிரலையே திருத்த விரும்புகிறீர்கள் என்றால் மூலநிரல்தான் வழி. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் அது ஓடும் கணினிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் உள்ள கம்பைலர் ஜிசிசி 4.8.5.

கட்டும் கம்பைலருக்கு எவ்வளவு வயது என்பது முக்கியம். ஜிசிசி 4.8 முதல் ஜிசிசியின் நிரலைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். ஜிசிசி 11 முதல் அது சி++11 தெரிந்த கம்பைலராக இருக்கவேண்டும். ஜிசிசி 15 முதல் சி++14 தெரிந்திருக்கவேண்டும். ஆகவே 4.8.5-ஐ வைத்து 14.2-ஐக் கட்டலாம், 15-ஐக் கட்ட முடியாது. 15 வேண்டுமென்றால் நடுவில் ஒரு பதிப்பைக் கட்டி, அதைக்கொண்டு 15-ஐக் கட்டவேண்டும். அந்த இடைப்படிக்கு ஜிசிசி 9.5-ஐ ஜிசிசி திட்டத்தின் ஆவணமே பரிந்துரைக்கிறது.

ஜிசிசி தன்னையே மூன்று முறை கட்டிக்கொள்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கீழே வரும் எல்லாமே இதை நம்பியிருக்கின்றன.

சாதாரண மென்பொருளைக் கட்டும்போது கணினியில் உள்ள கம்பைலர் நிரலைக் கட்டும், வேலை முடிந்துவிடும். ஜிசிசி அப்படியல்ல. முதல் கட்டத்தில் உங்கள் கணினியின் பழைய கம்பைலர் புதிய ஜிசிசியைக் கட்டுகிறது. இரண்டாம் கட்டத்தில், அப்படிப் பிறந்த புதிய ஜிசிசி அதே நிரலை மறுபடி கட்டுகிறது. மூன்றாம் கட்டத்தில், இரண்டாம் கட்டத்தில் பிறந்தது மீண்டும் ஒருமுறை கட்டுகிறது. பின்னர் இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் (ஒவ்வொரு நிரல் கோப்பையும் கம்பைல் செய்து கிடைப்பவை) ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரேபோல் இயங்கவேண்டிய இரு கம்பைலர்களால் கட்டப்பட்டவை. எனவே அவை ஒத்திருக்கவேண்டும். இதற்குப் பெயர் பூட்ஸ்ட்ராப். பழைய கம்பைலரின் குறை புதியதற்குள் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் அருமையான ஏற்பாடு இது.

கட்டங்களுக்கு நடுவிலும் முடிவிலும் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ போன்ற துணை லைப்ரரிகள் கட்டப்படுகின்றன. அவற்றைக் கட்டுவது எப்போதும் புதிதாகப் பிறந்த கம்பைலர்தான். நிறுவப்படும்வரை அதன் கோப்புப் பெயர் 'எக்ஸ்ஜிசிசி'.

இதிலிருந்து மிகப் பயனுள்ள ஓர் அடையாளம் கிடைக்கிறது. தோற்ற கட்டளையின் தொடக்கத்தில் வெறும் 'ஜி++' என்று இருந்தால் உங்கள் கணினியின் கம்பைலர் வேலையில் இருந்தது. குறை அங்கேயோ, முன்தேவைகளிலோ இருக்கலாம். 'எக்ஸ்ஜிசிசி' அல்லது 'எக்ஸ்ஜி++' என்று இருந்தால் புதிய கம்பைலர் பிறந்துவிட்டது. அதற்குச் சுற்றிலும் கிடைக்கவேண்டிய ஹெடர், லைப்ரரி, அசெம்பிளர் ஆகியவற்றில் எதுவோ குறைகிறது. பாதைக்குள் 'ப்ரீவ்-ஜிசிசி' என்று இருந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டம். எந்தக் கட்டம் என்று உறுதியாகத் தெரியவேண்டுமானால், பில்டு அடைவில் 'ஸ்டேஜ்_கரண்ட்' என்றொரு சிறு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள்.

படி 1: களத்தைச் சுத்தமாக அமையுங்கள்

பெரும்பாலான பிழைகள் இங்கேயே தடுக்கப்படக்கூடியவை. அதனால் பொறுமையாகச் செய்யுங்கள்.

மூலநிரலை விரித்த அடைவுக்குள்ளேயே பில்டைத் தொடங்காதீர்கள். அதற்கு வெளியே தனி அடைவு ஒன்றை உருவாக்கி அங்கிருந்து கான்ஃபிகரை (கணினியைச் சோதித்துப் பில்டைத் தயார்செய்யும் ஸ்கிரிப்டை) அழையுங்கள். மற்ற மென்பொருள்களில் பழகிய கை தானாக "./கான்ஃபிகர்" என்று தட்டிவிடும், ஜிசிசியில் அது புரியாத பிழைகளுக்கு அழைப்பு.

அடைவின் பெயரில் இடைவெளி கூடாது. இருந்தால் "அன்சேஃப் அப்சொல்யூட் வொர்க்கிங் டைரக்டரி நேம்" என்று கான்ஃபிகர் நின்றுவிடும். விண்டோஸுடன் பகிரப்பட்ட அடைவிலோ, நிரல்களை இயக்கத் தடைவிதித்து மவுண்ட் செய்யப்பட்ட வட்டிலோ கட்டாதீர்கள். இரண்டாவது வகை வட்டில் "கேனாட் ரன் சி கம்பைல்டு புரோகிராம்ஸ்" என்ற செய்தி வரும். கம்பைலர் நன்றாகவே இருந்தாலும், அது உருவாக்கிய சோதனை நிரல் ஓட அனுமதி இல்லாததுதான் அங்கே சிக்கல். வட்டில் 10 ஜிபி அளவுக்கு இடம் வைத்துக்கொள்வது நிம்மதி.

அடுத்தது சூழல் மாறிகள். 'லைப்ரரி_பாத்', 'சிபாத்', 'சி_இன்க்ளூட்_பாத்', 'சிஃப்ளாக்ஸ்', 'சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ்' ஆகிய எல்லாவற்றையும் 'அன்செட்' கட்டளையால் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய வேலைக்காக ஷெல் அமைப்புக் கோப்பில் என்றோ எழுதி மறந்த ஒரு வரி, புதிய கம்பைலருக்குப் பொருந்தாத ஹெடர்களை ஊட்டிவிடும். "லைப்ரரி_பாத் ஷுடன்ட் கண்டைன் த கரண்ட் டைரக்டரி" என்ற பிழை வந்தால், அந்த மாறியின் தொடக்கத்திலோ முடிவிலோ தனியே நிற்கும் முக்காற்புள்ளியைத் தேடுங்கள். அதன் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அதை 'இப்போதுள்ள அடைவு' என்று கணினி எடுத்துக்கொள்கிறது.

படி 2: முன்தேவைகளை உள்ளேயே வையுங்கள்

ஜிசிசிக்கு மூன்று கணித லைப்ரரிகள் கட்டாயம்: ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி. நான்காவதான ஐஎஸ்எல் விருப்பத்துக்குரியது; கிராஃபைட் எனப்படும் லூப் மேம்பாடுகளுக்கு உதவுகிறது. இவை இல்லாவிட்டால் "பில்டிங் ஜிசிசி ரிக்வயர்ஸ் ஜிஎம்பி..." என்று தொடங்கும் செய்தியுடன் கான்ஃபிகர் நின்றுவிடும்.

இங்கே பலர் சறுக்குவது ஒன்று உண்டு. களஞ்சியத்திலிருந்து லைப்ரரியை நிறுவியிருப்பார்கள், ஆனால் அதன் மேம்பாட்டுத் தொகுப்பை நிறுவியிருக்கமாட்டார்கள். ஹெடர் கோப்புகள் அந்த இரண்டாவது தொகுப்பில்தான் இருக்கின்றன. டெபியன் குடும்பத்தில் அதன் பெயர் '-டெவ்' என்றும், ஃபெடோரா குடும்பத்தில் '-டெவெல்' என்றும் முடியும்.

ஆனால் என் பரிந்துரை வேறு. ஜிசிசி மூலநிரலுடனேயே ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. மூலநிரல் அடைவுக்குள் போய் இதை இயக்குங்கள்:

./கான்ட்ரிப்/டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்

பொருத்தமான பதிப்புகளை இறக்கி, செக்சம் சரிபார்த்து, மூலநிரல் அடைவுக்குள்ளேயே அது வைத்துவிடும். கான்ஃபிகர் அவற்றைக் கண்டுகொண்டு ஜிசிசியுடன் சேர்த்தே கட்டும். இப்படிக் கட்டப்படும் லைப்ரரிகள் கம்பைலருக்குள் நேரடியாக இணைக்கப்படுவதால், பின்னால் "லிப்எம்பிசி கிடைக்கவில்லை" என்ற வகைத் தொல்லையே வராது. இணையம் இல்லாத சர்வரானால், இணையம் உள்ள வேறொரு கணினியில் ஸ்கிரிப்டை இயக்கிவிட்டு அடைவை முழுவதுமாக நகலெடுங்கள்.

இந்த லைப்ரரிகளைத் தனியாகக் கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிசிசி 15 முதல் சி மொழியின் இயல்புநிலை சி23 தரத்துக்கு மாறியிருக்கிறது. அந்தத் தரத்தில் காலி அடைப்புக்குறியோடு அறிவிக்கப்பட்ட செயற்கூறுக்கு வேறு பொருள். ஜிஎம்பி 6.3.0-இன் கான்ஃபிகர், பழைய முறையில் எழுதப்பட்ட ஒரு சோதனை நிரலைக் கட்டிப்பார்க்கிறது. அது ஜிசிசி 15-இல் தோற்று, "வேலைசெய்யும் கம்பைலர் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடுகிறது. கம்பைலர் சொற்றொடரோடு '-எஸ்டிடி=க்னூ17' சேர்த்துக் கான்ஃபிகரை மறுபடி இயக்கினால் கடந்துவிடலாம்.

படி 3: கான்ஃபிகர்

பில்டு அடைவில் நின்றுகொண்டு:

../ஜிசிசி-14.2.0/கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/ஜிசிசி-14.2 --எனேபிள்-லாங்குவேஜஸ்=சி,சி++ --டிஸேபிள்-மல்டிலிப்

நிறுவும் இடத்தை முழுப் பாதையாகக் கொடுங்கள். '/யூஎஸ்ஆர்' என்று மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது இயங்குதளத்தின் சொந்தக் கம்பைலர் இருக்கும் இடம். அதை மேலெழுதிவிட்டால் அடுத்து எதைக் கட்டவும் கைமுதல் இருக்காது. நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் தங்கள் ஹோம் அடைவுக்குள் ஓர் இடத்தைக் கொடுக்கலாம்.

தேவையான மொழிகளை மட்டும் கேளுங்கள். அடா மொழியைக் கேட்டால் கணினியில் முன்பே நேட் எனப்படும் அடா கம்பைலர் இருக்கவேண்டும். டி மொழிக்கு, ஜிசிசி 12 முதல், முன்பே ஜிடிசி எனப்படும் டி கம்பைலர் இருக்கவேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லா மொழிகளையும் கேட்டுவிட்டுத் திணறுவோர் பலர்.

மூன்றாவது தெரிவு மிக முக்கியமானது. 64-பிட் கணினியில் ஜிசிசி இயல்பாகவே 32-பிட் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்ட முயலும். அதற்கு 32-பிட் சி லைப்ரரியின் ஹெடர்கள் வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அவை இருப்பதில்லை. சில சமயம் கான்ஃபிகரே "ஐ சஸ்பெக்ட் யுவர் சிஸ்டம் டஸ் நாட் ஹேவ் 32-பிட் டெவலப்மென்ட் லைப்ரரீஸ்" என்று சொல்லிவிடும். சில சமயம் ஒரு மணி நேரம் ஓடியபின் "ஸ்டப்ஸ்-32.ஹெச் கிடைக்கவில்லை" என்று பில்டு நடுவில் நிற்கும். 32-பிட் நிரல்கள் தேவையில்லை என்றால் '--டிஸேபிள்-மல்டிலிப்' கொடுங்கள். தேவை என்றால் டெபியன் குடும்பத்தில் 'லிப்சி6-டெவ்-ஐ386', ஃபெடோரா குடும்பத்தில் 'ஜிலிப்சி-டெவெல்.ஐ686' தொகுப்பை நிறுவுங்கள்.

படி 4: பதிவு எடுத்துக்கொண்டு கட்டுங்கள்

மேக் கட்டளையின் வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் சேர்த்து 'டீ' கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள்:

மேக் -ஜே4 2>&1 | டீ பில்டு.லாக்

முனையத்தில் மேலே உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். ஜிசிசி பில்டின் வெளியீடு முனையத்தின் நினைவைத் தாண்டிப் போய்விடும்.

'-ஜே4' என்பது நான்கு வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தச் சொல்வது. நேரம் மிச்சம், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வேலை தோற்றாலும் மற்ற மூன்றும் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவற்றின் வெளியீடு பிழைக்குக் கீழே குவிந்துவிடும். ஆகவே பிழை வந்ததும் எதையும் மாற்றாமல் 'மேக் -ஜே1' என்று இன்னொரு முறை இயக்குங்கள். முடிந்த வேலைகளை மேக் மறுபடி செய்யாது. தோற்ற இடத்துக்கு நேராகப் போய் அங்கேயே நிற்கும். இப்போது கடைசி வரிகளுக்குச் சற்று மேலேயே உண்மையான பிழை தெரியும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும் என்பேன்.

அப்படியும் தெரியாவிட்டால், பதிவுக் கோப்பில் 'எரர்:' என்ற சொல்லையும் மூன்று நட்சத்திரக் குறியையும் மேலிருந்து கீழாகத் தேடுங்கள். முதலில் வருவதைப் பிடியுங்கள். ஒன்று கவனம்: கான்ஃபிகர் சோதனைகளில் 'நோ' என்று வரும் வரிகள் பிழைகள் அல்ல. ஒரு வசதி இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று பதில் பெற்றிருக்கிறது, அவ்வளவே.

கான்ஃபிக்.லாக் கோப்பைப் படிக்கும் முறை

"சீ கான்ஃபிக்.லாக் ஃபார் மோர் டீடெய்ல்ஸ்" என்று செய்தி வந்தால் உடனே கேட்கவேண்டியது: எந்தக் கான்ஃபிக்.லாக்? ஜிசிசி பில்டில் ஒவ்வொரு உட்பகுதிக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கிறது. மேல் அடைவில் உள்ளதைத் திறந்துவிட்டு "இதில் பிழையே இல்லையே" என்று குழம்புவது வழக்கமாக நடக்கிறது. செய்திக்கு முன்னால் அச்சான அடைவுப் பெயரைப் பார்த்து, அந்த அடைவில் உள்ளதைத் திறக்கவேண்டும்.

திறந்தபின் கடைசிக்குப் போகாதீர்கள். கோப்பின் பின்பாதி முழுவதும் மாறிகளின் பட்டியல்தான். 'கேஷ் வேரியபிள்ஸ்' என்ற தலைப்பைத் தேடி, அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள். கடைசியாகத் தோற்ற கட்டளை, அது கக்கிய பிழை, 'ஃபெயில்டு புரோகிராம் வாஸ்' என்ற வரி, அதன்கீழ் சோதனை நிரல் ஆகியவை அடுத்தடுத்து இருக்கும். அந்தக் கட்டளையை அப்படியே நகலெடுத்து நீங்களே முனையத்தில் இயக்கிப் பார்க்கலாம். குறை கண்முன்னே வந்து நிற்கும்.

இதற்குச் சரியான உதாரணம், ஜிசிசி கட்டுவோர் அடிக்கடி சந்திக்கும் பிழை: "கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்: கேனாட் கம்பைல்". ஆப்ஜெக்ட் கோப்பின் பெயர் எப்படி முடியும் என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். படித்தால் ஏதோ பெயர்ச் சிக்கல்போலத் தோன்றும். உண்மையில் அது நடப்பது லிப்ஜிசிசியின் கான்ஃபிகரில். புதிதாகப் பிறந்த எக்ஸ்ஜிசிசி தன் முதல் நிரலைக் கட்ட முயன்று தோற்றிருக்கிறது. 'எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ/லிப்ஜிசிசி' அடைவில் உள்ள கான்ஃபிக்.லாக்கைத் திறந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும்:

"எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்எம்பிசி.எஸ்ஓ.3" என்றிருந்தால், முன்தேவை லைப்ரரியை நீங்கள் தனி இடத்தில் நிறுவியிருக்கிறீர்கள், கட்டும்போது அது கிடைத்தது, இயங்கும்போது கிடைக்கவில்லை. அந்த இடத்தை 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியில் சேருங்கள், அல்லது நிர்வாகி உரிமை இருந்தால் 'எல்டிகான்ஃபிக்' இயக்குங்கள். படி 2-இல் சொன்னபடி உள்ளேயே கட்டுவதுதான் இதற்கு நிரந்தரத் தீர்வு.

அசெம்பிளர் புகார் சொன்னால், குறிப்பாகத் தெரியாத கட்டளை அல்லது தெரியாத தெரிவு என்று வந்தால், கணினியில் உள்ள பின்யுடில்ஸ் (அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய தொகுப்பு) பழையது. அதை முதலில் புதுப்பிக்கவேண்டும்.

"இன்டர்னல் கம்பைலர் எரர்" என்றிருந்தால் புதிய கம்பைலரே தவறாகப் பிறந்திருக்கிறது. முன்தேவை லைப்ரரிகளின் பதிப்புகள் கலந்திருக்கின்றனவா என்றும், 'சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ்' வழியாகத் தீவிரமான மேம்பாட்டுத் தெரிவு எதையாவது கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

நினைவகம் போதாமல் வரும் பிழைகள்

"கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்" என்று வந்தால் நிரலில் எந்தக் குறையும் இல்லை. நினைவகம் தீர்ந்துபோய், லினக்ஸ் கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. 'டிமெசேஜ்' கட்டளையின் கடைசி வரிகளில் "அவுட் ஆஃப் மெமரி" என்று இருந்தால் உறுதி. சிறிய கிளவுட் சர்வர்களிலும் நினைவக வரம்பு விதித்த கன்டெய்னர்களிலும் இது சாதாரணம்.

இணை வேலைகளைக் குறையுங்கள். ஒவ்வொரு இணை வேலைக்கும் 2 ஜிபி என்று கணக்கு வைத்தால் கவலையில்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் எட்டு கோர்கள் இருந்தாலும் '-ஜே2' போதும். ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) ஒன்றைச் சேர்ப்பதும் உதவும்: கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, 'எம்கேஸ்வாப்', 'ஸ்வாப்ஆன்' இரண்டையும் வரிசையாக இயக்கவேண்டும். கம்பைல் எல்லாம் முடிந்து லிங்க் செய்யும் இடத்தில் மட்டும் செத்துப்போகிறது என்றால், பெரிய நிரல்கள் பல ஒரே நேரத்தில் லிங்க் ஆவதுதான் காரணம். ஜிசிசி 11 முதல் உள்ள '--எனேபிள்-லிங்க்-சீரியலைசேஷன்' தெரிவைக் கான்ஃபிகருக்குக் கொடுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

இதிலிருந்து வேறுபட்டது இன்னொரு வகை. "செக்மென்டேஷன் ஃபால்ட்" வருகிறது. மறுபடி இயக்கினால் அதே கோப்பு கடந்துவிடுகிறது. பிறகு வேறெங்கோ விழுகிறது. ஒரே நிரல், ஒரே கம்பைலர், இடம் மட்டும் மாறுகிறது என்றால் சந்தேகம் வன்பொருள்மீது போகவேண்டும். ஜிசிசியே சில சமயம் "த பக் இஸ் நாட் ரீப்ரொட்யூசிபிள், ஸோ இட் இஸ் லைக்லி எ ஹார்ட்வேர் ஆர் ஓஎஸ் ப்ராப்ளம்" என்று சொல்லிவிடும். அதை நம்புங்கள். மெம்டெஸ்ட்86+ கொண்டு நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால் இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். மற்ற வேலைகளில் வெளியே தெரியாத நினைவகக் குறையை மணிக்கணக்கில் ஓடும் ஜிசிசி பில்டு அம்பலப்படுத்திவிடும்.

பழைய ஜிசிசியைப் புதிய கணினியில் கட்டும்போது

பழைய திட்டம் ஒன்றுக்காக ஜிசிசி 5, 6, 7 போன்றவற்றை இன்றைய லினக்ஸில் கட்டவேண்டியிருக்கும். புதியதைக் கட்டுவதைவிட இதுவே கடினம். ஜிசிசி அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டதே காரணம்.

"டீரெஃபரன்சிங் பாயின்டர் டு இன்கம்ப்ளீட் டைப் ஸ்ட்ரக்ட் யூகான்டெக்ஸ்ட்" என்ற பிழை லிப்ஜிசிசியைக் கட்டும்போது வரும். 2017 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.26, அந்த அமைப்பின் பெயரை நீக்கி 'யூகான்டெக்ஸ்ட்_டி' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. சானிடைசர் பகுதியில் (நிரல் ஓடும்போது நினைவகத் தவறுகள் போன்றவற்றைப் பிடிக்கும் லைப்ரரியில்) 'யூஸ்டாட்' பற்றிய பிழை வந்தால், 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த ஹெடரை நீக்கியது காரணம். 'சைக்லேட்ஸ்.ஹெச்' கிடைக்கவில்லை என்றால், லினக்ஸ் 5.13-இல் அந்தப் பழைய சாதனத்தின் ஹெடர் நீக்கப்பட்டது காரணம்.

சானிடைசர் உங்களுக்குத் தேவையில்லை என்றால் '--டிஸேபிள்-லிப்சானிடைசர்' கொடுத்துக் கடைசி இரண்டையும் ஒரே அடியில் தாண்டிவிடலாம். யூகான்டெக்ஸ்ட் பிழைக்கு அந்த வழி இல்லை. லிப்ஜிசிசி இல்லாமல் கம்பைலர் இல்லை. அதற்கு நல்ல வழி, அந்த வரிசையின் கடைசித் திருத்தப் பதிப்பை எடுப்பது. 5 வேண்டும் என்றால் 5.5, 6 என்றால் 6.5, 7 என்றால் 7.5. இப்படிப்பட்ட திருத்தங்கள் பழைய வரிசைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டிருக்கின்றன. திட்டம் 7.1 என்று கேட்டாலும் 7.5 பெரும்பாலும் போதும்.

இன்னும் பழைய 4.x வரிசையில் 'சிஎஃப்என்எஸ்.ஜிபெர்ஃப்' கோப்பில் "ரீடிக்ளேர்டு இன்லைன் வித் க்னூ_இன்லைன்" என்ற பிழை வரும். ஜிசிசி 6 முதல் சி++ மொழியின் இயல்புநிலை க்னூ++14 ஆனது. பழைய நிரல் க்னூ++98 காலத்தது. கான்ஃபிகரை அழைக்கும்போது சி++ கம்பைலரோடு '-எஸ்டிடி=க்னூ++98' சேர்த்துக் கொடுங்கள். மொழித் தரத்தின் இயல்புநிலை மாறியதால் வரும் எல்லாப் பிழைகளுக்கும் இதே உத்திதான்: நிரல் எந்தக் காலத்தில் எழுதப்பட்டதோ அந்தத் தரத்தைப் பெயர்சொல்லிக் கேட்பது.

பூட்ஸ்ட்ராப் ஒப்பீடு தோற்றால்

"பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர்!" என்ற செய்தியும், அதன்கீழ் 'டிஃபர்ஸ்' என்று முடியும் கோப்புப் பட்டியலும் வந்தால், இரண்டாம், மூன்றாம் கட்டக் கம்பைலர்கள் வெவ்வேறு விளைவைத் தந்திருக்கின்றன என்று பொருள். இதை அலட்சியம் செய்யக்கூடாது. பில்டு அடைவை முழுவதும் அழித்துவிட்டு, எல்லாச் சூழல் மாறிகளையும் நீக்கி, புதிதாகத் தொடங்குங்கள். மறுபடியும் அதே கோப்புகள் என்றால் கட்டும் கம்பைலர் தவறான நிரலை உருவாக்குகிறது. வேறொரு பதிப்பால் முதல் கட்டத்தைக் கட்டிப்பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்புகள் என்றால் மேலே சொன்ன நினைவகச் சோதனைக்குப் போங்கள்.

'--டிஸேபிள்-பூட்ஸ்ட்ராப்' கொடுத்தால் பிழை மறைந்துவிடும் என்று அறிவுரை சொல்வோர் உண்டு. மறையும்தான், ஏனென்றால் ஒப்பீடே நடக்காது. ஜிசிசியின் நிரலைத் திருத்தித் திருத்திச் சோதிக்கும்போது நேரம் மிச்சப்படுத்த அந்தத் தெரிவு நல்லது. தினசரி வேலைக்குப் பயன்படுத்தப்போகும் கம்பைலருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சில சில்லறைப் பிழைகள்

'மேக்இன்ஃபோ' இல்லை என்ற எச்சரிக்கை ஆவணங்களைப் பற்றியது; டெக்ஸ்இன்ஃபோ தொகுப்பை நிறுவினால் போய்விடும். கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்த மூலநிரலுக்கு ஃப்ளெக்ஸ், பைசன் இரண்டும் வேண்டும். வெளியீட்டுத் தொகுப்பில் அவை உருவாக்கும் கோப்புகள் முன்பே இருப்பதால் அங்கே தேவையில்லை. கிட் நிரலில் எச்சரிக்கைகளே பிழைகளாகக் கருதப்பட்டு பில்டு நின்றால் '--டிஸேபிள்-வெரர்' கொடுங்கள். "கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்" என்றால் கணினியின் கடிகாரத்துக்கும் கோப்புகளின் நேரத்துக்கும் பொருத்தமில்லை. பிணைய வட்டில் கட்டாமல் உள்வட்டுக்கு மாறுங்கள்.

எந்தத் திருத்தத்தில் கான்ஃபிகர் தெரிவு மாறுகிறதோ, அப்போதெல்லாம் பில்டு அடைவை நீக்கிப் புதிதாகத் தொடங்குங்கள். 'மேக் டிஸ்ட்க்ளீன்' போதும் என்று நம்பாதீர்கள். பழைய சோதனை விடைகள் அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கும். திருத்தம் சரியாக இருந்தும் அதே பிழை திரும்பி வரும்.

நிறுவியபின் வரும் பிழைகள்

'மேக் இன்ஸ்டால்' முடிந்ததும், நிறுவிய இடத்தின் 'பின்' அடைவைப் 'பாத்' மாறியின் முன்னால் சேருங்கள். அப்படியும் 'ஜிசிசி --வெர்ஷன்' பழைய எண்ணையே காட்டினால், ஷெல் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. 'ஹாஷ் -ஆர்' என்று தட்டுங்கள்.

இயங்குதளம் பழையதானால் அடுத்த சிக்கல் வரும். புதிய கம்பைலரால் கட்டிய சி++ நிரலை ஓடவிட்டால் "வெர்ஷன் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்" போன்ற செய்தி. அந்த எண் ஜிசிசி 12-உடன் வந்த லிப்எஸ்டிடிசி++ லைப்ரரிக்குரியது. நிரல் புதிய லைப்ரரியை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, ஓடும்போது இயங்குதளத்தின் பழைய லைப்ரரி கைக்குக் கிடைக்கிறது. புதிய கம்பைலரின் 'லிப்64' அடைவை 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியில் சேர்க்கலாம். அதைவிட, நிரலை லிங்க் செய்யும்போதே '-டபிள்யூஎல்,-ஆர்பாத்' தெரிவால் அந்த அடைவை நிரலுக்குள் எழுதிவிடுவது நல்லது. மற்ற நிரல்களைப் பாதிக்காது. இயங்குதளத்தின் லைப்ரரிக் கோப்பைப் புதியதால் மேலெழுதாதீர்கள்.

'எல்டிகான்ஃபிக்' இயக்கும்போது '-ஜிடிபி.பிஒய்' என்று முடியும் கோப்பைக் காட்டி "நாட் அன் எல்ஃப் ஃபைல்" என்று வந்தால் பயப்படவேண்டாம். அது டீபக்கருக்கான பைதான் கோப்பு. லைப்ரரிகளோடு ஒரே அடைவில் கிடப்பதால் எழும் எச்சரிக்கை, கம்பைலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேஜாக்னூ என்ற சோதனைக் கருவியை நிறுவியிருந்தால் பில்டு அடைவில் 'மேக் -கே செக்' இயக்கிச் சோதனைத் தொகுப்பை ஓட்டிப்பாருங்கள். நேரம் நிறைய எடுக்கும். ஒருசில சோதனைகள் தோற்பது நல்ல பில்டிலும் நடப்பதுதான். ஒரே பகுதியில் நூற்றுக்கணக்கில் தோற்றால் அந்தப் பகுதியைப் பாருங்கள். அதுவரை பில்டு அடைவை அழிக்கவேண்டாம்.

உதவி கேட்கும்போது

எல்லாம் முயன்றும் தீரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்: கட்டும் ஜிசிசியின் பதிப்பு, கணினியில் உள்ள கம்பைலரின் 'ஜிசிசி -வி' வெளியீடு, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், கான்ஃபிகரை அழைத்த முழு வரி, '-ஜே1' முறையில் எடுத்த பதிவிலிருந்து முதல் பிழையும் அதற்கு முந்தைய இருபது முப்பது வரிகளும், கான்ஃபிகர் பிழை என்றால் உரிய உட்பகுதியின் கான்ஃபிக்.லாக். கான்ஃபிகரை அழைத்த வரி மறந்துபோயிருந்தால், மேல் அடைவில் உள்ள கான்ஃபிக்.லாக்கின் தொடக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும்.